நாங்கள் சிமிர்னாவாக இருந்த குளிர்காலம்

நனைந்த கம்பளிக் காலுறைகள் சூடேற்றியின் மேல் காயும்போது ஒரு மணம் வரும். ஈர நாயின் மணமும் பழைய சாக்கின் மணமும் கலந்தது போல, மூக்கைச் சுழிக்க வைக்கும் மணம். எனக்கோ அது ஆராதனையின் மணம். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு குளிர்காலம் முழுவதும், ஞாயிற்றுக்கிழமை தோறும், ஒன்பது குடும்பங்களின் காலுறைகள் யாரோ ஒருவர் வீட்டுச் சூடேற்றிகளில் வரிசையாகக் காய, நாங்கள் நாற்பது பேர் முழங்காலோடு முழங்கால் முட்ட நிலத்தில் அமர்ந்து, கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடாத குரலில் பாடினோம். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி இப்போது பேசும் எங்கள் சபையார், அது தேவன் எங்களைப் புடமிட்ட காலம் என்று கண்ணீர் மல்கச் சாட்சி சொல்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் கண்ணீருக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. இருபது வருடமாக அது குறையவில்லை. குறைந்துவிட்டது போல எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஒஸ்லோவில், சுரங்க ரயில் பாதை முடிகிற வெஸ்ட்லியின் உயர்ந்த அடுக்குமாடிகள் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. நோர்வே எங்கள் பெற்றோரின் நாட்டுக்குச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. தொலைக்காட்சியில் யாழ்ப்பாணம் காட்டப்படும்போது எங்கள் வகுப்பாசிரியை என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அப்பா, வாரநாட்களில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தரிப்பிடம் தள்ளியிருந்த ஒரு நோர்வேஜியத் தேவாலயத்தின் கட்டடத்தைத் துப்புரவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அதே கட்டடத்தின் "ஷெல்லர்" மண்டபத்தில், அதாவது நிலக்கீழ் மண்டபத்தில், சம்பளமில்லாத போதகராக எங்கள் தமிழ்ச் சபைக்குப் பிரசங்கம் செய்தார். வெள்ளிக்கிழமை தான் துடைத்த நிலத்தில் ஞாயிற்றுக்கிழமை முழங்காலிடுவதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம். எங்கள் ஆட்களுக்கு அவர் "பாஸ்டர்". கட்டடத்துக்காரர்களுக்கு வாளியும் துடைப்பமும் வைத்திருக்கும் மெல்லிய மனிதர்.

மண்டபத்துக்குப் பொறுப்பாக பெரித் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தார். கெட்டவர் அல்லர். முதல் நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் பிள்ளைகளுக்கென்று முந்திரிகை வற்றல் போட்ட பணிஸ் சுட்டுக் கொண்டுவந்தவர். என் தங்கையின் பின்னலைத் தொட்டுப் பார்த்து வியந்தவர். அவருடைய பொறுப்பிலிருந்த பொருள்களிலேயே அவர் மிகவும் நேசித்தவை பீடத்தின் மேலிருந்த இரண்டு பித்தளை மெழுகுதிரித் தண்டுகள். கடலில் இறந்துபோன தன் மகனின் நினைவாக ஒரு தாய் கொடுத்தவை அவை. முழங்கை உயரம், நல்ல பாரம், அடியில் அலை போன்ற வேலைப்பாடு. ஒவ்வொரு வாரமும் அப்பாதான் அவற்றைத் துடைத்து மினுக்குவார்.

இலையுதிர்கால விடுமுறை முடிந்த மறு வாரம் அந்தத் தண்டுகள் பீடத்தில் இல்லை.

மண்டபத்தின் திறப்பு, அதாவது சாவி, எங்கள் பக்கத்தில் இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று அப்பாவிடம். மற்றது, ஆராதனைக்கு முன்னரே போய் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, கீபோர்ட் வாசிக்கும் ஜெயசீலன் மாமாவிடம். எங்கள் சபையில் அப்பாவுக்கு அடுத்தவர் அவர்தான். அருகிலிருந்த ரொம்மன் பகுதியில் அவருடைய வீட்டில்தான் என் ஒரே நெருங்கிய சிநேகிதி ரெபேக்கா இருந்தாள். அவருடைய மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், நான்கு அங்குலம் உயர்ந்தவள், எனக்கு நோர்வேஜியக் கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் கற்பித்தவள்.

திறப்புக்குக் கையெழுத்துப் போட்டவர் என்ற முறையில் அப்பாவைத்தான் பெரித் கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா கதவைச் சாத்திவிட்டுச் சபையிடம் கேட்டார்.

"ஆராவது ஏதும் தேவைக்கு எடுத்து வைச்சிருந்தால் இப்ப சொல்லுங்கோ. நான் ஏன் எதுக்கெண்டு ஒண்டும் கேக்கமாட்டன். திருப்பி வைச்சால் போதும்."

ஜெயசீலன் மாமாதான் முதலில் எழுந்தார். "வாங்கோ, எல்லாரும் சேந்து ஒருக்காத் தேடிப் பாப்பம்," என்றார். அலுமாரிகளைத் திறந்தார், மேடைக்குக் கீழே டோர்ச் அடித்தார், பாட்டுப் புத்தகப் பெட்டிகளைக் கொட்டினார். கிடைக்கவில்லை என்றதும் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, சபைக்கு நடுவில் நின்று ஜெபித்தார்: "ஆண்டவரே, களவெடுத்தவன் ஆரெண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்!" நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன், உரத்து. அந்த ஜெபத்தை இந்த மனிதர் எந்த நாவால் ஜெபித்தார் என்று நான் பின்னர் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

இரண்டு வாரத்தில் தேவாலயத்திலிருந்து கடிதம் வந்தது. மாத முடிவோடு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். துப்புரவு வேலைக்கும் வேறு ஒழுங்கு செய்யப்படுகிறது. திருட்டு என்ற சொல் அந்தக் கடிதத்தில் இல்லை. நம்பிக்கை என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த நாகரிகமும் இல்லை. என் வகுப்பில் படித்த ஒருத்தி, உணவு வேளையில், பாண் துண்டைக் கடித்துக்கொண்டே, "உன் அப்பா தேவாலயத்தில் களவெடுத்தவராமே?" என்று, மழை பெய்யுமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத அந்த வாய் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அம்மா அன்று சமையலறையில் சொன்னது: "தும்புத்தடி பிடிக்கிற கையெண்டால் அது களவெடுக்கிற கையோ?"

நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்திருந்த பொறியியலாளர் ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். அவர் அப்பாவிடம், "பாஸ்டர், இத சும்மா விடக்கூடாது. ஒரு வக்கீல வச்சுக் கேட்கலாம். நீங்க சொல்லுங்க, லெட்டர் நான் எழுதுறேன்," என்று பலமுறை சொன்னார். அப்பா, "ஆரெண்டு தெரியாமல் ஆரோடை வழக்காடுறது? எங்கடை ஆக்களிலை ஒருத்தரைத்தான் கடைசியிலை கூண்டிலை ஏத்தவேண்டி வரும்," என்று மறுத்துவிட்டார். மனதுக்குள் அவருக்குச் சந்தேகம் இருந்ததோ என்னவோ. என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படித்தான் நாங்கள் வீடுகளுக்கு வந்தோம். ஒரு ஞாயிறு வெஸ்ட்லி, மறு ஞாயிறு ரொம்மன், அதற்கடுத்தது இன்னொருவரின் ஒன்பதாம் மாடி. மின்தூக்கியில் ஆறாறு பேராக ஏறுவோம். பக்கத்து வீட்டார் முறையிடக்கூடாது என்று சப்பாத்துகளை வெளியே விடாமல் குளியலறைத் தொட்டிக்குள் அடுக்குவோம். கைதட்டல் கிடையாது, தட்டவேண்டிய இடங்களில் தொடையை மெதுவாகத் தொட்டுக்கொள்வோம். முதல் வாரமே அப்பா புதிய பிரசங்கத் தொடரைத் தொடங்கினார். துன்பத்தில் உண்மையாக இருந்த ஆதிச் சபைகள் என்பது தலைப்பு. வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில், ஆசியாவின் ஏழு சபைகளுக்குப் போன கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

எபேசு, சர்தை, லவோதிக்கேயா எல்லாவற்றையும் விரைவாகக் கடந்தவர், சிமிர்னாவில் வந்து நான்கு வாரம் நின்றுவிட்டார். ஏழு சபைகளில் கண்டிப்பு வாங்காதவை இரண்டே இரண்டு என்றார். ஒன்று சிமிர்னா, ஏழைச் சபை. மற்றது பிலதெல்பியா, பெலன் கொஞ்சமே இருந்த சபை. செல்வமும் பெயரும் இருந்தவைகளுக்கெல்லாம் அடி விழுந்தது, ஒன்றுமில்லாத இரண்டுக்கும் மட்டும் ஆறுதல் வந்தது. சிமிர்னாக்காரருக்குக் கட்டடம் இல்லை, வீடுகளில்தான் கூடினார்கள், வேலை இழந்தார்கள், மேலே அவதூறும் சுமந்தார்கள்.

அவதூறு என்றதும் என் முதுகு நிமிர்ந்தது. நாங்கள்தான் சிமிர்னா என்று அந்தக் கணமே முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லியும் கொடுத்தேன். ஒருநாள் இடைவேளையில் நாங்கள் கட்டிலுக்குக் கீழே ஒளிந்து உரோமச் சேவகர் வருகிறார்கள் என்று விளையாடியதைக் கண்ட அப்பா, அடுத்த பிரசங்கத்தில் எங்களைப் பார்த்தே சொன்னார்:

"எங்களை ஒருத்தரும் சிங்கத்துக்குப் போடேல்லை. ஒரு அறையைத்தான் எடுத்தவை. கூட்டிச் சொல்லாதேங்கோ. அவை பட்டதை நாங்கள் பட்டதாச் சொன்னால் அதுவும் ஒரு களவுதான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. சிமிர்னாவுக்கு உபத்திரவம் பத்து நாள் என்று கடிதத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டேன். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த நாட்காட்டியில் பத்து நாளைப் பென்சிலால் குறித்தேன். பத்தாம் நாள் பள்ளியிலிருந்து ஓடிவந்து, "கடிதம் ஏதும் வந்ததோ?" என்று அம்மாவைக் கேட்டேன். மின்சாரக் கட்டணச் சீட்டு வந்திருந்தது. அப்பா அப்போது அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு பேருந்து மாறிப் போய் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். பிரசங்கத்தில் நிற்கும்போது இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். ஜெயசீலன் மாமா அவருக்குக் கதிரை எடுத்துப் போடுவார்.

தை மாதத்தில் ஒரு நாள், காய்ச்சலில் பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தபோது, அப்பா எடுக்காத பக்கங்களை நானாகப் படித்துப் பார்த்தேன். என் தமிழ் அப்போது எழுத்துக்கூட்டும் தமிழ். ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் விரலை வைத்து நகர்த்திப் போகையில், ஏழு சபைகளும் முடிந்து சில பக்கங்கள் தாண்டி, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் கீழே கிடந்து, எங்கள் இரத்தத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் பழிவாங்காமல் இருப்பீர் என்று கடவுளைப் பார்த்துச் சத்தமிடும் இடத்துக்கு வந்துவிட்டேன். பழி என்ற சொல்லை இரண்டு தரம் எழுத்துக்கூட்டினேன். அதுதான். அந்தப் பெரிய பொறுமைசாலிகள், அப்பா எங்களுக்கு உதாரணம் காட்டிய அதே மனிதர்கள், பழி கேட்கிறார்கள். அப்பா ஏன் இதைச் சொல்லவில்லை?

புத்தகத்தோடு சமையலறைக்குப் போனேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றார். "நானும் அதைத்தான் ஒவ்வொரு நாளும் கேக்கிறன். வெங்காயம் வெட்டேக்கை கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. வெங்காயத்தால் அல்ல என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அதே பக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த பதிலும் இருந்தது: வெள்ளை அங்கி கொடுத்து, உங்கள் தோழர்களின் தொகை நிறைவாகும் வரைக்கும் கொஞ்சக்காலம் இளைப்பாறுங்கள் என்று சொல்லப்படுகிறது. அதை நான் வாசித்தேன், கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது கேள்விதான். அது கிடைத்துவிட்டது.

மாசி முடிவில் ரெபேக்காவின் வீட்டில் ஆராதனை. பெரியவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னைத் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். கட்டிலடியில் இருந்த பயணப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு தடித்த வெள்ளை அல்பத்தை எடுத்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. உன்ர அப்பாவுக்குத் தெரிஞ்சால் பிரச்சினை எண்டு அப்பா சொன்னவர்."

அவளுக்குச் சாமத்தியவீடு செய்திருந்தார்கள். இலையுதிர்கால விடுமுறையில் துரொண்ட்ஹெய்மில் இருந்த அவளுடைய பெரியம்மா வீட்டில், எங்கள் சபையில் ஒருவரையும் அழைக்காமல். பூப்படைந்த பிள்ளையை அலங்கரித்து ஊருக்குக் காட்டும் அந்தச் சடங்கு விசுவாசிகளுக்குத் தேவையில்லை என்று அப்பா பிரசங்கித்திருந்தார். ஜெயசீலன் மாமாவும் அதற்கு ஆமென் சொன்னவர். அல்பத்தைப் புரட்டினேன். கத்தரிப்பூ நிறக் கூறைச் சேலையில், நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமுமாக, யாரோ மூத்த பெண்ணைப்போல ரெபேக்கா. அவளுக்கு இருபுறமும், குத்துவிளக்கு வைத்தால் சைவமாகிவிடும் என்பதற்காக அதற்குப் பதிலாக வைக்கப்பட்டிருந்தவை, இரண்டு பித்தளை மெழுகுதிரித் தண்டுகள். அடியில் அலை.

ரெபேக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "வடிவா இருக்கோ?" என்று கேட்டாள். "ஓம்," என்றேன். தாய் கூப்பிட, அவள் எழுந்து வெளியே போனாள். அவள் திரும்பிவர நேரமெடுத்தது. அதற்குள் ஒரு படத்தை உருவி என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

வரவேற்பறையில் ஜெயசீலன் மாமா அப்பாவின் தோளில் கைபோட்டபடி, "கர்த்தர் எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருக்கிறார் பாஸ்டர்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தை அன்றே அப்பாவிடம் கொடுத்திருக்கலாம். அப்பா தனியாகப் போய்ப் பேசியிருப்பார், மாமா அழுதிருப்பார், இருவரும் கட்டிப்பிடித்து ஜெபித்திருப்பார்கள். அதை நான் கண்முன்னே கண்டேன், கண்டதனால்தான் கொடுக்கவில்லை. எங்களுக்கு எல்லோர் முன்னாலும் அவமானம். அவருக்கு மட்டும் மூடிய அறையா? மூன்று வாரம் அந்தப் படத்தைக் கணிதப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு திரிந்தேன். உயிர்த்த ஞாயிறன்று ஒஸ்லோவின் தமிழ்ச் சபைகள் பல ஒன்றுசேர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டு ஆராதனை நடத்துவது வழக்கம். அந்த வருடம் இசைக்குழுவுக்கு ஜெயசீலன் மாமாதான் தலைமை. நூலகத்தில் படத்தைப் பெரிதாக நிறப்பிரதி எடுத்தேன். தண்டுகள் இரண்டையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். ஒரு பிரதியைப் பெரித்துக்குத் தபாலில் அனுப்பினேன். மற்றதை, ஞாயிறு காலை, எல்லோரும் குளிரங்கிகளைக் கழற்றிக் கொழுவும் சுவரில், கண்மட்டத்துக்கு ஒட்டினேன்.

பிறகு, கழற்றிய குளிரங்கிகளுக்கு நடுவில் நின்று பார்த்தேன்.

முதலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். பிறகு ஆறேழு பேர். எங்கள் சபையின் பொறியியலாளர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வட்டங்களுக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி மேடையைப் பார்த்தார். அவர் ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, அந்தச் செய்தி நாற்காலி வரிசைகளுக்கூடாக முன்னேறிப் போவதை நான் கண்ணால் கண்டேன். கீபோர்ட் நின்றது. ஜெயசீலன் மாமா இறங்கி வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. படத்தின் முன் வந்து நின்ற அவருடைய முகத்தில், கன்னத்துச் சதை முதலில் தொய்ந்தது, பிறகு உதடு. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா ஐந்து மாதம் சுமந்ததை அவர் ஒரே நிமிடத்தில் சுமந்தார். எனக்குள் தேன் ஊற்றியது போல இருந்தது. பொய் சொல்லமாட்டேன்: அந்த முகத்தை இன்றும் சில சமயம் வேண்டுமென்றே நினைத்துப் பார்ப்பேன். இன்றும் இனிக்கிறது.

ஆனால் அந்தச் சுவரில் இருந்தது மெழுகுதிரித் தண்டுகள் மட்டுமல்ல. வேறு சபைப் பையன்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தண்டுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் பார்த்தது ரெபேக்காவை. ஒருவன் அந்தச் சேலையைக் காட்டி நோர்வேஜிய மொழியில் ஒன்று சொன்னான். அந்தப் படம் எதற்காக எடுக்கப்படுவது என்று தெரிந்த மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ரெபேக்கா அவர்களுக்குப் பின்னால் நின்றாள். அழவில்லை. படத்தைப் பார்த்தாள், சிவப்பு வட்டங்களைப் பார்த்தாள், தலையைத் திருப்பித் தேடி, குளிரங்கிகளுக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்தாள். அவளுடைய தந்தை படத்தைக் கிழித்தெடுத்தபோது ஒட்டுநாடாவோடு சுவரின் பூச்சும் உரிந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இதை ஆர் செய்தது?" என்று கேட்டார். நான் பரிசு வாங்கப் போகிறவளைப்போல எழுந்து நின்று, "நான்தான்," என்றேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "அந்தப் பிள்ளையை ஒரு சொல்லுக் கேட்டனியோ, நிரோ?" என்றார். பிறகு குளிரங்கியை மாட்டிக்கொண்டு ரொம்மனுக்குப் போனார். அழைப்புமணியை நாலு தரம் அடித்தாராம். உள்ளே வெளிச்சம் எரிந்ததாம். கதவு திறக்கவில்லை.

தண்டுகள் இரண்டும் துரொண்ட்ஹெய்மிலிருந்து பொதியாக வந்து சேர்ந்தன. உள்ளே ஒரு வரி எழுத்தும் இல்லை. அவற்றை அந்தச் சடங்கு முடிந்த கையோடு பெரியம்மா வீட்டில் மறந்து விட்டுவந்து, ஒஸ்லோவுக்கு வந்த பின், எடுத்ததைச் சொன்னால் சடங்கையும் சொல்லவேண்டி வரும் என்ற பயத்தில் மாமா வாயை மூடிக்கொண்டார் என்பது பின்னர் தெரிந்தது. களவெடுக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. ஒரு போதகருக்குப் பயந்து தன் பழியை அதே போதகரின் தலையில் இறக்கிவைத்தார். கோழைத்தனம் களவைவிட மேலானது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

பெரித் மன்னிப்புக் கடிதம் எழுதி, தானே கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை வாங்கி மேசையில் வைத்து, "பரவாயில்லை," என்று சொல்ல வாயெடுத்தார். அம்மா இடைமறித்தார். நோர்வேஜிய மொழியில் எப்போதும் தயங்கித் தயங்கிப் பேசும் அம்மா, அன்று அப்பாவை மொழிபெயர்க்க வைத்தார்.

"எழுதித் தந்தது காணாது எண்டு சொல்லுங்கோ. எந்தச் சனத்துக்கு முன்னாலை உங்களைக் கள்ளன் எண்டு நினைக்க விட்டவவோ, அந்தச் சனத்துக்கு முன்னாலை நிண்டு சொல்லச் சொல்லுங்கோ."

அப்பா மெதுவாகத்தான் மொழிபெயர்த்தார், ஆனால் எதையும் விடாமல் மொழிபெயர்த்தார். அடுத்த ஞாயிறு, நோர்வேஜிய ஆராதனை முடிவில், கோப்பி ஊற்றுவதற்கு முன், பெரித் எழுந்து நின்று, அப்பாவின் முழுப்பெயரையும் சொல்லி, தான் தவறு செய்ததாகச் சொன்னார். அம்மா முன்வரிசையில் தன் ஒரேயொரு நல்ல பட்டுச்சேலையில் இருந்தார். ஒரு புன்னகைகூடக் கொடுக்கவில்லை. பெரித் உட்கார்ந்ததும் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார். மண்டபம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அப்பா அந்தத் துப்புரவு வேலைக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை.

அந்தக் கோடையில் ஜெயசீலன் மாமா குடும்பத்தோடு துரொண்ட்ஹெய்முக்கே போய்விட்டார். ரெபேக்கா என்னோடு அதன் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. பலிபீடத்தின் கீழே சத்தமிட்டவர்களுக்குக் கிடைத்த பதிலை நான் மீண்டும் வாசித்தது அவள் போன பிறகுதான். பொறுத்திருக்கச் சொன்னது பகைவருக்கு இரங்கியல்ல, கூட இருந்த தோழர்களை நினைத்து. அதுவும் அதே பக்கத்தில், நான் விரல் வைத்து எழுத்துக்கூட்டிய வரியில்தான் இருந்தது.

இப்போது எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. கம்பள விரிப்பும் பெரிய திரையும் கழுத்தணி ஒலிவாங்கியும் இருக்கின்றன. ஒன்பது குடும்பம் எண்பதாகிவிட்டது. என் பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில்தான் ஜெபிக்கிறார்கள். புதிய போதகர் சென்ற வருடம் சிமிர்னாவைப் பற்றி ஒரே ஞாயிற்றில் பிரசங்கித்து முடித்துவிட்டார். திரையில் அழகான இடிபாடுகளின் படங்கள் போயின. பின்வரிசையில் இருந்த அப்பா இடுப்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். யார் வீட்டில் யாருக்கு எந்தக் கவலை என்று, குளியலறைத் தொட்டிக்குள் கிடக்கும் சப்பாத்தை வைத்தே அறிந்துகொண்ட அந்த நெருக்கம் எங்களிடம் இல்லை. பாடும்போது இப்போது கைதட்டுகிறோம், எவ்வளவு உரக்கவும்.

இரண்டு வருடத்துக்கு முன் வேலை விடயமாகத் துரொண்ட்ஹெய்ம் போனபோது ரெபேக்காவைத் தேடிப் போனேன். அவளே கதவைத் திறந்தாள். இன்னும் என்னைவிட உயரம். அவளுடைய தந்தை இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. தேநீர் வைத்தாள். நான் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்த மன்னிப்பைச் சொன்னேன். அவளுடைய தந்தையிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு என்னிடம் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நீ பாக்கவேணும் எண்டுதான் அந்த அல்பத்தைக் காட்டினனான், நிரோ. அப்பா வீட்டிலை சாப்பிடாமல் கொள்ளாமல் இருந்தவர். என்னாலை அவரைக் காட்டிக்குடுக்க ஏலாது. நீ உன்ர அப்பாட்டைச் சொல்லுவாய், அவர் வந்து கதைப்பார், எல்லாம் முடிஞ்சிடும் எண்டு நினைச்சன். அந்த மூண்டு கிழமையும் ஆர் மணி அடிச்சாலும் உன்ர அப்பா எண்டு நினைச்சு ஓடிப்போய்த் திறந்தது நான்தான்."

தேநீர் முடிந்ததும் வாசல் வரை வந்து, என் குளிரங்கியை எடுத்துத் தந்தாள்.

ஒஸ்லோவுக்கு ரயில் ஏழு மணித்தியாலம். வழி நெடுக ஜெயசீலன் மாமாவை நினைத்துக் கோபப்பட முயன்றேன். கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஒருவரும் மிச்சமில்லை.